மூன்று அமைச்சகங்களுக்கு மேலே ஒருவர்

பிரதமரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நான் இறுமாந்திருந்த காலம் ஒன்று உண்டு. வி.ஏ.ஓ. தேர்வுக்குப் படித்த காலம் அது. மதுராந்தகத்துக்குப் பக்கத்திலிருந்து தினமும் ரயிலேறிச் செங்கல்பட்டு வந்து, ஒரு மாடியில் நடந்த பயிற்சி வகுப்பில் உட்காருவேன். கணக்கு எனக்குச் சுத்தமாக வராது. அரசியலமைப்புப் பாடத்தில் மட்டும் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. குடியரசுத் தலைவர் பெயரளவுத் தலைவர், பிரதமர் உண்மையான தலைவர். பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார், மற்ற அமைச்சர்களைப் பிரதமர் சொல்கிறபடி நியமிப்பார். அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு. பிரதமர் சமமானவர்களில் முதன்மையானவர். இதையெல்லாம் ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பேன். ஒரு நாள் பக்கத்து சீட்டுப் பூக்காரம்மா ஏதோ சுலோகம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பாடத்தில் ஒரு வரி, பல அமைச்சகங்களின் வேலையை ஒருங்கிணைப்பது பிரதமரின் பணி என்பது. தேர்வில் அது கேள்வியாகவும் வந்தது, சரியாக எழுதினேன். வேலை கிடைத்துப் பல வருடம் கழித்து அதே வரியை நம்பி ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மூக்கை நுழைத்தேன். அதை யாரிடமும் இதுவரை முழுசாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் போஸ்டிங் கிடைத்தது கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் கடலை ஒட்டிய ஒரு கிராமத்தில். ஊரில் பாதி, சவுக்குத் தோப்பாக இருந்து ரிசார்ட்டாக மாறியது. மீதிப் பாதி, இரண்டு ரிசார்ட் மதில்களுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டிருக்கும் மீனவக் குப்பம். நான் ஏரிக்கரையில் பிறந்தவள். தண்ணீருக்கு எதிர்க்கரை ஒன்று இருக்கும் என்பது என் உடம்பிலேயே ஊறிய விஷயம். எதிர்க்கரை இல்லாத கடலைப் பார்த்துக்கொண்டு இன்றைக்கும் என்னால் வேலை செய்ய முடியாது. ரேஷன் கடைக்குப் பக்கத்து அறையில் என் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்பதால் ஜன்னலை மூடியே வைத்திருப்பேன்.

ஒரு கார்த்திகை மாதக் காலை, குப்பத்தில் ஒருவர் ஃபைபர் போட்டில் தனியாகப் போனார். முந்தின நாள் விட்டுவந்த வலையை எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்குள் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. மதியம் வாடைக்காற்று ஏறிவிட்டது. வேறு போட்டுகள் போய்ப் பார்த்தபோது வலையின் மிதவை மட்டும் கிடைத்ததாம். ஆளும் இல்லை, போட்டும் இல்லை. தகவலைத் தாலுகா ஆபீசுக்குச் சொன்னது நான்தான். அங்கிருந்து மேலே சொல்லி, தேடுதல் கப்பல் வந்தது, ஒரு தடவை ஹெலிகாப்டரும் சுற்றியது. மூன்று நாள் தேடினார்கள். விதிமுறைப்படி அவ்வளவுதான் என்றார்கள். அவர்கள் பக்கம் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குப்பத்தில் ஒரு வழக்கம். ஒருவர் கடலில் காணாமல் போனால் மொத்த ஊரும் தொழிலை நிறுத்தும். எல்லா போட்டுகளும் தேடத்தான் போகும். மீன் கண்ணெதிரே துள்ளினாலும் வலை போடக் கூடாது. அதை எப்போது முடித்துக்கொள்வது என்பதை ஊர்ப் பெரியவரும் அவரோடு ஆறு பேரும் கூடி முடிவு செய்வார்கள். எட்டாவது நாள் முடிவு செய்தார்கள். அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள், பெரியவருக்குத் தனி நாற்காலிகூடக் கிடையாது. எழுந்து வந்தபோது, முதலில் நிறுத்தலாம் என்றது யார் என்று அவரிடம் கேட்டேன். "அது இன்னாத்துக்கு மேடம் உங்களுக்கு? ஊர் முடிவு. ஏழு பேரும் சேந்து சொன்னதுதான்," என்றார். எட்டு நாளாகக் குப்பத்தில் அடுப்பு சரியாக எரியவில்லை, எனக்கு அது தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் என் புத்தி போன போக்கைப் பாருங்கள்: கூட்டுப் பொறுப்பு என்றால் இதுதான், புத்தகத்தில் இத்தனை நன்றாக விளக்கவில்லையே என்று நினைத்தேன்.

காணாமல் போனவரின் மனைவிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஈ.சி.ஆர். ஓரத்தில் கூடை வைத்து மீன் விற்பவள், வாய் அதிகம். நான் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனால், "ஆபீசருங்கோ வந்து மோந்து பாத்துட்டுப் போறாங்கடி," என்று பக்கத்துக் கூடைக்காரியிடம் எனக்குக் கேட்கிற மாதிரியே சொல்வாள். எனக்கு அவளைப் பிடிக்கும். ஊர் முடிவு சொன்ன மறுநாள் காலை அவள் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். தலை வாரியிருந்தாள், நெற்றியில் பொட்டு பெரிதாக வைத்திருந்தாள்.

"காரியம் பண்ணணும்னு சொல்லிகினு கீறாங்க மேடம், கொழுந்தனாருங்க. நான் ஒத்துக்கல. உடம்பு கெடைக்காத வூட்ல பொண்டாட்டி வாயால 'பண்ணுங்க'ன்னு சொன்னாத்தான் பண்ண முடியும். நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"போட்டும் கெடைக்கல, அவரும் கெடைக்கல. ரெண்டும் ஒண்ணாத்தான் எங்கியோ கீது. வாடைத் தண்ணி தெக்க இழுக்கும் மேடம். இலங்கைப் பக்கம் ஒதுங்கியிருப்பாரு. இல்ல எதுனா கப்பல்காரன் தூக்கியிருப்பான். போன வருசம் வடக்க ஒருத்தன் இருவது நாள் கழிச்சி வந்தான். யாராவது அங்க கேட்டுச் சொல்லணும்ல? ஊர்ல பெரியவரு முடிச்சிட்டாரு. நாட்டுக்குப் பெரியவரு சொல்லட்டும். அவரு தேடிப் பாத்துட்டு இல்லன்னா, நான் ஒத்துக்கிறேன்."

நாட்டுக்குப் பெரியவர் என்று அவள் சொன்னது பிரதமரை. சிரிப்பு வரவில்லை எனக்கு. ரயிலில் முணுமுணுத்த அந்த ஒற்றை வரிதான் நினைவுக்கு வந்தது. கடலில் தேடும் கப்பல் பாதுகாப்பு அமைச்சகம். இலங்கையில் விசாரிக்க வேண்டுமென்றால் வெளியுறவு அமைச்சகம். சரக்குக் கப்பல்களுக்குச் செய்தி சொல்லக் கப்பல் துறை அமைச்சகம். கலெக்டருக்கு எழுதினால் கலெக்டர் இந்த மூன்று பேருக்கும் எழுத முடியாது. இந்த மூன்றுக்கும் மேலே நின்று மூன்றையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டுக் கேட்கக்கூடிய ஆள் இந்த நாட்டில் ஒருவர்தான். எழுத்தறிவில்லாத இவள் சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறாள் என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது.

வி.ஏ.ஓ.வாக இருந்துகொண்டு ஒருவருக்காகப் பிரதமருக்கு மனு எழுதுவது தப்பு. எனக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். தேர்வில்கூட அத்தனை அழகாக ஒரு விடை எழுதியதில்லை. எந்த அமைச்சகம் என்ன செய்ய வேண்டும் என்று தனித்தனியாகப் பிரித்து, கடைசியில் 'இவற்றை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருப்பவர் தாங்கள் என்பதால்' என்று முடித்தேன். அவளுக்குப் படித்துக் காட்டினேன். "இன்னொரு தபா அந்தக் கடேசிய படிங்க," என்றாள். படித்தேன். கைநாட்டு வைக்கமாட்டேன் என்று சொல்லி, தன் பெயரின் மூன்று எழுத்தையும் வரைந்தாள்.

ஆன்லைனில்தான் அனுப்ப வேண்டும். அவளுடைய போன் நம்பரைப் போட்டு எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். எந்தத் துறையைச் சேர்ந்த குறை என்று ஒரு கட்டம் வந்தது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மூன்று அமைச்சகத்தில் எதைப் போடுவது என்று யோசித்தேன். எதைப் போட்டாலும் மற்ற இரண்டும் விட்டுப்போகும். சரி, பிரதமருக்குத்தானே போகிறது, அவர் பார்த்து அனுப்பிக்கொள்வார், கட்டம் எதுவாக இருந்தால் என்ன என்று தோன்றியது. பதினோரு வருடமாகத் தினமும் எந்தப் படிவத்திலும் என் கை தானாகப் போய் அழுத்துகிற பெயர் ஒன்று உண்டு. மாநில அரசு, வருவாய்த் துறை. அதையே அழுத்தினேன். மனு போய்விட்டது. நம்பர் வந்தது. அதை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவையாவது வருவாள். "தில்லியிலேர்ந்து இன்னா சொன்னாங்க?" என்பாள். கொழுந்தனார்கள் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். மறுபடியும் கூடை வைத்து மீன் விற்க ஆரம்பித்திருந்தாள், ஆனால் பழைய வாய் இல்லை. நான் விலை கேட்டு வாங்காமல் போனாலும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு நாள் நானே வலிய நின்று, "பெரிய வேலையெல்லாம் அவர் பார்க்கணும், அதனால லேட் ஆகும்மா," என்றேன். "ஆகட்டும் மேடம். நல்லா தேடட்டும். அவசரமா தேடினா தப்பிப்பூடும்," என்றாள்.

ஐந்து வாரம் கழித்துத் தாலுகா ஆபீசிலிருந்து போன் வந்தது. கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிற சீனியர், நல்ல மனுஷர், எனக்குப் பல தடவை உதவியவர். "மேடம், மேலேருந்து ஒரு மனு உங்க கிராமத்துக்கு இறங்கியிருக்கு. நேர்ல விசாரிச்சு ரிப்போர்ட் குடுத்து இன்னிக்கே குளோஸ் பண்ணிடுங்க. மேலேருந்து வந்தது நிலுவையில நின்னா மீட்டிங்ல கலெக்டர் நம்மள நிக்க வெச்சிடுவாரு," என்றார். லாகின் செய்து பார்த்தேன். நான் எழுதிய மனு. மாநிலத்துக்குப் போய், மாவட்டத்துக்கு வந்து, தாலுகாவுக்கு இறங்கி, என்னிடமே வந்துவிட்டது. வருவாய்த் துறை என்று அழுத்தியது நான்தானே? அழுத்திய இடத்துக்கு ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது. மனுவின் மேலே ஒவ்வொரு படியிலும் 'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுதியிருந்தது. உரிய நடவடிக்கை எடுக்க வேண்டியவள் கதவைச் சாத்திக்கொண்டு மனு எழுதிய நான்.

ஓடிப்போய்ப் பேருந்து ஏறித் தாலுகா ஆபீசுக்குப் போனேன். இது நம்ம துறை இல்லை, பாதுகாப்பு அமைச்சகத்துக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று சீனியரிடம் சொன்னேன். அவர் மனுவை முழுக்கப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்ப இதை யார் எழுதினது? 'ஒருங்கிணைக்கும் பொறுப்பில்' அது இதுன்னு. திருப்பி அனுப்பணும்னா தாசில்தார் கையெழுத்து வேணும். அவர் இந்தக் கேள்வியத்தான் முதல்ல கேப்பாரு. மெமோவோட நிக்காது மேடம். யோசிச்சுக்கங்க."

யோசித்தேன். என் பெண் அந்த வருடம் பிளஸ் டூ, வீட்டுக்காரருக்கு நாவலூரில் ஐ.டி. ஆட்களை ஏற்றி இறக்கும் டிரைவர் வேலை, அதுவும் மூன்று மாதமாக இல்லை. இதெல்லாம் சாக்குத்தான். அன்றைக்கு இவை எதுவும் இல்லாமல் இருந்திருந்தாலும் நான் பயந்திருப்பேன். அரசாங்க வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் கற்றுக்கொண்டது பயப்படுவதைத்தான், அதை ஒழுங்காகவே கற்றிருக்கிறேன்.

அவருடைய கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து ரிப்போர்ட் அடித்தேன். நேரில் விசாரித்த தேதி என்ற கட்டத்தில் அன்றைய தேதியைப் போட்டேன். விசாரிக்கவில்லை, குப்பத்துப் பக்கமே அன்று போகவில்லை. 'உரிய தேடுதல் நடைபெற்றுள்ளது. மேற்படி நபர் கடலில் தவறி இறந்திருக்கக்கூடும் என ஊரார் கருதுகின்றனர். மேல்நடவடிக்கை தேவையில்லை எனக் கண்டு மனு முடிவு செய்யப்படுகிறது.' வாய் கூசாமல் பொய் சொன்னான் என்பார்கள், எனக்குக் கை கூசவில்லை. எந்த மனுவை முடிக்கும்போதும் கடைசி வரி அதுதான், விரல்களுக்கே தெரியும். சீனியர் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து அவள் வந்தாள். போனைக் கையில் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு வந்தாள், ஏதாவது பட்டனில் விரல் பட்டுச் செய்தி அழிந்துவிடுமோ என்று பயம். பின்னாலேயே, செய்தி வந்ததைக் கேள்விப்பட்டு வந்த அவள் மூத்த கொழுந்தனார்.

"வந்துட்ச்சி மேடம். தில்லி மெசேஜுன்னு பக்கத்து வூட்டுப் பையன் பேர மட்டும் பாத்துச் சொன்னான். யாரும் படிக்க வேணாம், மேடம்தான் படிக்கணும்னு எடுத்துகினு வந்தேன்."

இங்கிலீஷில் இரண்டு வரி, உங்கள் மனு முடிக்கப்பட்டது என்று. கீழே ஒரு இணைப்பு. அதைத் தொட்டால் என் ரிப்போர்ட், என் தமிழ். என் பெயர் எங்கேயும் இல்லை. மேலே நாட்டுச் சின்னம் மட்டும் இருந்தது.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இதை யாரும் தேடவில்லை, யாரையும் கேட்கவில்லை, பிரதமர் வரைக்கும் இது போகவே இல்லை, நான்தான் தப்பாக அழுத்தினேன், நான்தான் முடித்தேன், வா, மறுபடி எழுதலாம் என்று. கொழுந்தனார் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் சொன்னால் அரை மணி நேரத்தில் குப்பம் முழுக்கத் தெரியும், சாயங்காலத்துக்குள் தாசில்தாருக்குத் தெரியும். நான் எழுதியதை நானே அவளுக்குப் படித்துக் காட்டினேன். 'இறந்திருக்கக்கூடும்' என்று வந்தபோது அவள் கை நீட்டி நிறுத்தினாள்.

"அவரே சொன்னாரா?"

நான் அடுத்த வரியைத் தேடினேன்.

"படிச்சிப் பாத்துட்டுத்தான் சொன்னாரா மேடம்? நாம எழுதனது எல்லாத்தியும்? அந்தக் கடேசி வரியையும்?"

"படிச்சுட்டுத்தான்," என்றேன்.

"மூணு எடத்துலயும் கேட்டாரா?"

"கேட்டார்."

அவள் முதல் முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மூடியிருந்த ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கொழுந்தனாரிடம் திரும்பாமலேயே, "பண்ணுங்க," என்றாள். அந்த ஆள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அவள் அழவில்லை. "அவ்ளோ வேலையில நமக்காகப் பாத்திருக்காரு. வேற யாரு பாப்பாங்க?" என்று என்னிடம் சொன்னாள். இப்போது எழுதும்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

வெள்ளிக்கிழமை காலை கரையில் காரியம் நடந்தது. உடம்புக்குப் பதில் அவருடைய சட்டையையும் ஒரு துண்டு வலையையும் வைத்தார்கள். ஊர்ப் பெரியவரும் ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். நானும் போனேன், போகாமல் இருந்தால் சந்தேகப்படுவார்களோ என்றுதான் போனேன். அவளை இரண்டு பெண்கள் கடலுக்குள் இறக்கி நெற்றியைக் கழுவி விட்டார்கள். தாலியைக் கழற்றியபோது கூட்டம் ஓலமிட்டது. அவள் மட்டும் தெற்கே பார்த்தபடி நின்றாள். அந்தப் பக்கம் ஒரு போட்டு வந்துகொண்டிருந்தது, நானும் அதையே பார்த்தேன். கிட்டே வந்ததும் மாமல்லபுரத்திலிருந்து டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு வந்த போட்டு என்று தெரிந்தது.

அப்புறம் பல தடவை எனக்குள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். சரியான கட்டத்தை அழுத்தியிருந்தால் அந்த மனு நிஜமாகவே மேலே இருப்பவர் கண்ணில் பட்டிருக்குமா? பட்டிருக்காது என்று என் அறிவு சொல்கிறது. ஆனால் யாராவது ஒரு அதிகாரியாவது இலங்கைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம் இல்லையா? அமைச்சரவையின் முடிவுகளைக் குடியரசுத் தலைவருக்குத் தெரிவிப்பது பிரதமரின் கடமை என்று எழுபத்தெட்டாவது பிரிவு சொல்கிறது. பிரதமருக்கு எங்களைப் பற்றித் தெரிவிக்க வேண்டியது யாருடைய கடமை என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அதற்கு விடை எனக்குத் தெரியாது. நடுவில் நான் ஒருத்தி இருந்தேன், நான் தெரிவிக்கவில்லை, அது மட்டும் தெரியும்.

போன மாதம் அவள் இறப்புச் சான்றுக்கு மனு கொடுத்தாள். கடலில் காணாமல் போனவர்களுக்கு அது நீண்ட வழி, அதன் முதல் படி வி.ஏ.ஓ. எடுக்கிற வாக்குமூலம். எதிரே உட்காரவைத்து ஒவ்வொரு கட்டமாகக் கேட்டு எழுதினேன். பெயர், தகப்பனார் பெயர், வயது. இறந்த தேதி என்ற கட்டம் வந்ததும் அவர் கடலுக்குப் போன தேதியை நானே எழுதப் போனேன்.

"அது இல்ல மேடம். மெசேஜ் வந்திச்சே, அந்தத் தேதி."

"கடலுக்குப் போன தேதியைத்தான்மா போடணும்."

"அது எப்படி? அது வரைக்கும் எனக்கு அவரு இருந்தாரு. டெய்லி சோறு எடுத்து வெச்சிகினு இருந்தேன். பிரதமரு இல்லன்னு சொன்ன அன்னிக்குத்தான் நிறுத்தனேன்."

அவள் சொன்ன தேதியையே எழுதினேன். தாலுகா ஆபீசில் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு எனக்கே திருப்பி அனுப்பினார்கள். 'கடலில் காணாமல் போனதாகக் கூறப்படும் நபர், ஆறு வாரம் கழித்து மேற்படி தேதியில் எவ்வாறு இறந்தார் என்பதற்கு வி.ஏ.ஓ. ஏழு நாளுக்குள் விளக்கம் அளிக்கவும்.' கெடு முடிந்து நாலு நாளாகிறது. எப்படி இறந்தார் என்று எனக்குத் தெரியும், நான் இன்னும் பதில் எழுதவில்லை.